தோற்றவன் வேலை

அம்பத்தூர்
12.1.2025

அன்புத் தம்பி தினேஷ்,

முதலில் பொங்கல் வாழ்த்து. லாவண்யாவும் குழந்தையும் புனே குளிரில் எப்படி இருக்கிறார்கள்? இங்கே ரேகாவுக்குத் தொண்டைக்கட்டு, பெண்கள் இரண்டும் பரீட்சை பயத்தில். அப்பாவுக்கு முட்டி வலி எப்போதும்போல. மற்றபடி குறையில்லை.

இந்தக் காலத்தில் இன்லண்டு கவரா என்று நீ சிரிப்பாய். சிரி. போனில் பேசினால் பாதியில் யாராவது ஒருவன் கட் பண்ணிவிடுகிறோம். போன வாரம் நான்தான் பண்ணினேன். வீட்டுக்காரர் மாடி எடுக்கப் போகிறாராம், ஜூன் முடிவதற்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். இனி என் சம்பளத்துக்கு இரண்டு ரூம் வீடுதான் கிடைக்கும். வளர்ந்த பெண்கள் இரண்டு பேர். அம்மா போனதிலிருந்து அப்பா என்னோடுதான் இருக்கிறார், இனி கொஞ்ச காலம் நீ வைத்துக்கொள் என்றேன். நீ மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, இந்தி தெரியாது என்று அடுக்கினாய். கடைசியில் கோபத்தில் "வேணும்னா ஒரு ஆட்டம் ஆடித் தீத்துக்கலாம்" என்றாய். அதற்குத்தான் போனை வைத்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால் வேறு எதில் நாம் ஒத்துப்போயிருக்கிறோம் சொல்?

பரணில் நம் ரக்பி பந்தாட்டப் பலகை கிடைத்தது. ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் பேக்கிங் பெட்டிப் பலகையை இழைத்து அப்பா செய்து கொடுத்தாரே, அதே பலகை. என் சோடா மூடிகள், உன் சட்டைப் பொத்தான்கள், பந்துக்குப் பேரீச்சங்கொட்டை, எல்லாம் டப்பாவில் இருக்கின்றன. நீ சேலம் ஹாஸ்டலில் இருந்தபோது ஆடினது போலத் தபாலிலேயே ஆடுவோம். போனில் சொன்ன ஆட்டம் செல்லாது என்பது அப்பா அன்றைக்குப் போட்ட சட்டம்.

மறந்திருப்பாய், விதிகளை எழுதிவிடுகிறேன். பலகையில் இருபது கோடு. கொட்டை நடுவில் தொடங்கும். ஒரு கடிதத்துக்கு ஒரு ஓட்டம். பகடையில் எத்தனையோ அத்தனை கோடு முன்னே போகலாம். ஓட்டத்தில் ஒன்று விழுந்தால் கை நழுவியது, கொட்டை அங்கேயே எதிராளிக்கு. ஓட்டக் கடிதம் கிடைத்தவன் தடுப்புக்கு உருட்ட வேண்டும். அதே எண்ணோ மேலேயோ விழுந்தால் கொட்டையைப் பிடுங்கி, அவன் ஓட்டத்தையும் எழுதி அனுப்பலாம். பாஸ் பின்பக்கம் மட்டுமே. இரண்டு கோடு இழப்பு, ஆனால் தடுப்பவன் பகடையில் ஒன்று கழியும். உதைத்தால் இரண்டு மடங்கு தூரம், ஆனால் கொட்டை எதிராளி கைக்குப் போய்விடும். எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டி முதலில் வைத்தவன் ஜெயித்தான். அவரவர் பகடையை அவரவர் வீட்டில் உருட்டுவது. எழுதினது எழுதினதுதான்.

தோற்றவனுக்கு வேலை என்பதும் பழையபடி. லாரித் தண்ணீர் பிடிப்பது, ரேஷன் வரிசை, அடைத்த சாக்கடைக்குக் குச்சி விடுவது, யாருக்கும் பிடிக்காத வேலை எதுவோ அது. இந்தத் தடவை தோற்றவன் அப்பாவை வைத்துக்கொள்வது. எழுதும்போதே கை கூசுகிறது.

பதிலைக் கம்பெனி விலாசத்துக்குப் போடு. ஆட்டத்தை மட்டும் வீட்டில் படித்துக் காட்டுகிறேன். சும்மா பொழுதுபோக்கு என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

என் ஓட்டம்: நான்கு.

உன் அண்ணன்
ஜெகன்

*

புனே
24.1.2025

அண்ணாத்தே,

நாங்கள் மூவரும் சௌக்கியம். அண்ணியின் தொண்டை சரியாயிற்றா? சுக்கு போட்டுக் குடிக்கச் சொல்.

தபால்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். கோபத்தில் சொன்னதைப் பிடித்துக்கொண்டுவிட்டாய், உன் குணம். ஆனால் சரி. நான் சாக்கு சொல்வதாக நீ நினைக்கிறாய். காலையில் நானும் லாவண்யாவும் கிளம்பினால் இருட்டின பிறகுதான் திரும்புகிறோம், குழந்தை காப்பகத்தில். பூட்டின வீட்டில் அப்பா யாரோடு பேசுவார்? சுவரோடா? இதைப் போனில் சொன்னால் நீ காதில் வாங்குவதில்லை.

சும்மா பொழுதுபோக்கு என்றா சொன்னாய்? நல்ல ஆள் நீ.

தடுப்பு: ஐந்து. பிடுங்கியாயிற்று. ஓட்டம்: ஆறு. நீ எப்போதும் தலையைக் குனிந்துகொண்டு நேரே ஓடுகிறவன். எனக்கு அது வசதி.

அப்பாவுக்கு என் அன்பைச் சொல்.

தினேஷ்

*

அம்பத்தூர்
9.2.2025

தினேஷ்,

ரேகா தேறிவிட்டாள். உங்கள் எல்லோர் உடம்பும் நலமாக இருக்கட்டும்.

உன் ஆட்டத்தைப் படித்தேன். அப்பா உன் பொத்தானை நகர்த்தி வைத்துவிட்டு, "ஆறா? கில்லாடிடா அவன்" என்று தொடையில் தட்டிக்கொண்டார். பலகைக்கு எண்ணெய் தடவி, விரிசலை ஒட்டி, டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறார். யாரும் பெருக்கக்கூடக் கூடாதாம், காய் நகர்ந்துவிடுமாம். ரெஃப்ரி உத்தியோகத்தை அவரே எடுத்துக்கொண்டார். பழைய கதைதான் தினமும். ராணுவ மைதானத்து வேலிக்கு வெளியே நீயும் நானும் சைக்கிள் பார்மேல் ஏறி நின்று ஜவான்கள் ரக்பி ஆடுவதைப் பார்த்தது, நீ விழுந்து முழங்கை உடைந்தது.

கீழ்வீட்டுக்காரர் வந்து, "இன்னா சார், பெரியவரு இந்த வயசுல சோடா மூடி வெச்சிகினு ஆடிகினு கீறாரு" என்று சிரித்தார். அப்பா விடவில்லை. "நா எங்க ஆடறேன்? பசங்க ரெண்டு பேரும் ஆடறாங்க. பேசிக்காம இருந்தானுங்க, இப்ப லெட்டர் போட்டுக்கிறானுங்க" என்றார். எனக்கு உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

தடுப்பு: இரண்டு. தவறிவிட்டேன். கொட்டை உன்னிடமே.

ஜெகன்

*

புனே
2.3.2025

அண்ணா,

எல்லோரும் நலம். நேரமில்லை, அதனால் சுருக்கமாக.

பின்னால் ஒரு பாஸ். அதிலிருந்து ஓட்டம்: ஐந்து. உன் கடைசிக் கோட்டுக்கு இன்னும் ஐந்துதான். நீ ஆறு போட்டால்தான் பிழைப்பாய். பின்னால் போகத் தெரிந்தவன்தான் முன்னால் போவான் என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன், கேட்டாயா?

அப்பாவின் சர்க்கரை மாத்திரை மாற்றினார்களா? அவர் என்னிடம் போனில் ஆட்டத்தைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. "உன் பொத்தானை நான் பாத்துக்கறேன், கவலப்படாத" என்கிறார்.

தினேஷ்

*

அம்பத்தூர்
16.3.2025

தினேஷ்,

இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. மாத்திரை மாற்றியாயிற்று.

உன் கடிதத்தை வெள்ளிக்கிழமையே படித்துக் காட்டினேன். "ஆறு போட்டாத்தான் தப்பிப்ப" என்று அப்பாவுக்கு ஒரே பரபரப்பு. "இரு, குளிச்சிட்டு வந்துடறேன், நான் பாக்கணும்" என்றார். எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. அவர் சோப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனதும் தடுப்புக்கு உருட்டினேன். ரேகா சமையலறையில் இருந்தாள், பெண்கள் பள்ளிக்குப் போயிருந்தார்கள். பகடையை அப்படியே பலகைமேல் விட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன். பஸ்ஸிலிருந்து அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

தடுப்பு: ஆறு. பாஸுக்கு ஒன்று கழித்தாலும் ஐந்து. பிடுங்கியாயிற்று.

எத்தனை என்று அப்பா இரண்டு தடவை கேட்டார். அப்புறம், "ஆறுன்னா ஆறுதான்" என்றார்.

ஓட்டத்தை ராத்திரி வந்து அப்பா முன்னால் உருட்டினேன். ஓட்டம்: இரண்டு.

ஜெகன்

*

புனே
30.4.2025

அண்ணா,

தாமதத்துக்குக் கோபிக்காதே. குழந்தைக்குக் காய்ச்சல், ஆபீஸில் வேலை என்று எழுதலாம். இரண்டும் நிஜம்தான். ஆனால் தாமதத்துக்கு அதுவல்ல காரணம். உன் ஆறைப் படித்ததிலிருந்து பகடையைத் தொட மனம் வரவில்லை.

நீ என்ன எழுதுகிறாயோ அதுதான் விழுந்தது. அதுதானே நம் விதி. நானும் விழுந்ததைத்தான் எழுதுகிறேன்.

தடுப்பு: ஒன்று. கொட்டை உன்னிடம்.

வெயில் எப்படி? அப்பாவை மத்தியானத்தில் வெளியே விடாதே.

தினேஷ்

*

அம்பத்தூர்
11.5.2025

தினேஷ்,

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அப்பா மோர் குடித்துக்கொண்டு தெம்பாகத்தான் இருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை திருவேற்காட்டில் ஒரு வீடு பார்க்கப் போனோம். நானும் வரேன் என்று அப்பா குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கோயிலுக்குப் பின்தெரு, இரண்டாவது மாடி, இரண்டு ரூம். புரோக்கர் மனோகரன் சாவியைச் சுழற்றிக்கொண்டே, "ரெண்டு ரூம்பு பத்துமா சார்? பெரியவரும் உங்க கூடத்தான கீறாரு?" என்று கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. "அவரு சீக்கிரம் தம்பி ஊட்டுக்குப் பூடுவாரு" என்று சொல்லிவிட்டேன். புரோக்கரிடம் பேசினால் எனக்கும் அவன் பேச்சு வந்துவிடுகிறது.

அப்பா பால்கனியில் நின்றுகொண்டிருந்தார். கீழே ஷேர் ஆட்டோக்காரர்கள் கோயம்பேடு, கோயம்பேடு என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் காதில் விழுந்திருக்காது. விழுந்திருந்தால் ஏதாவது கேட்டிருப்பார். சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தார், தண்ணீர் நன்றாக வருகிறது என்றார். வீட்டுக்கு வந்து பலகையைத் துடைத்துக் காய்களை நேராக்கி வைத்தார்.

என் ஆட்டம்: உதை. உருட்டினதில் ஒன்று விழுந்தது, இரண்டு கோடு. என் கடைசிக் கோட்டுக்கு ஒன்பது கோடு தூரத்தில் கொட்டை உன் கையில்.

ஏன் உதைத்தேன் என்று கேட்காதே.

ஜெகன்

*

புனே
23.5.2025

அன்புள்ள அண்ணா,

குழந்தை விளையாடுகிறான். லாவண்யாவும் நலம், ஆனால் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

நீ பிறந்ததிலிருந்து ஒரு தடவையாவது உதைத்திருக்கிறாயா? கொட்டையை விட்டால் உயிரே போகிற மாதிரி கட்டிக்கொள்வாய். அதனால் கேட்காமலே புரிந்துவிட்டது.

உன் முதல் கடிதம் என் லேப்டாப் பையில் இருந்தது. லாவண்யா சார்ஜர் தேடும்போது எடுத்துப் படித்துவிட்டாள். கத்தியிருந்தால் பரவாயில்லை. "எங்கப்பா உயிரோட இருந்து, அவர வெச்சு எங்கண்ணன் பகடை உருட்டியிருந்தா நா அவன் மூஞ்சிலயே முழிச்சிருக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது அண்ணா. பூட்டின வீடு, மூன்றாம் மாடி எல்லாம் நிஜம்தான். ஆனால் அவை இல்லாவிட்டாலும் வேறு எதையாவது சொல்லியிருப்பேன்.

என் ஓட்டம்: ஒன்று. கை நழுவிவிட்டது. கொட்டை உனக்கு.

தினேஷ்

*

அம்பத்தூர்
4.6.2025

தம்பி,

லாவண்யா பேசினாளா? அவள் திட்டினது எனக்கும் சேர்த்துத்தான் என்று சொல்.

என் ஓட்டம்: ஒன்று. எனக்கும் நழுவிவிட்டது. எடுத்துக்கொள். இந்தத் தடவை நழுவவிடாமல் ஓடு, நான் தடுக்க மாட்டேன். நான் தோற்கிறேன். திருவேற்காட்டு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். ஹாலில் ஒரு கட்டில் போட்டால் இடம் இருக்கிறது. முதலிலேயே இருந்தது.

இரண்டு கடிதத்தையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆட்டத்தை மட்டும்தான். உன் ஒன்று, என் ஒன்று. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். "இன்னாடா இது, ரெண்டு பேரு பகடையும் ஒண்ணாவா கெட்டுப்போச்சு? மிலிட்டிரிக்காரன் ஆட்டத்துலகூட ரெண்டு டீமும் பந்து வேணா, பந்து வேணான்னு ஓடினத நா பாத்ததில்ல" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஜெகன்

*

அம்பத்தூர்
12.6.2025

சிரஞ்சீவி ஜெகனுக்கும் சிரஞ்சீவி தினேஷுக்கும்,

அப்பா வீரராகவன் எழுதுவது. நீங்களும் மருமகள்களும் பேரப்பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். ஒரு பிரதியைப் பலகைமேல் வைக்கிறேன், இன்னொன்றைத் தபாலில் போடுகிறேன். இரண்டிலும் ஒரே விஷயம்தான்.

ரெஃப்ரி தீர்ப்பு. ஆட்டம் ரத்து.

காரணம் எழுதுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்து சும்மா ஆடினதே கிடையாது. தோற்றவனுக்கு ஒரு வேலை இருக்கும். இந்தத் தடவை என்ன வேலை என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானே தேடிப் பார்த்தேன். தண்ணீர் மோட்டாரில் வருகிறது. ரேஷன் ரேகா வாங்கிவிடுகிறாள். சாக்கடை அடைக்கவில்லை. ஒருத்தருக்கும் பிடிக்காத வேலை இந்த வீட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். திருவேற்காட்டுப் பால்கனியில் நிற்கும்போது தெரிந்துவிட்டது.

ஜெகன், மார்ச் மாதம் நான் குளித்துவிட்டு வந்தபோது பகடை பலகைமேல் இரண்டு காட்டிக்கொண்டிருந்தது. பகடையை ஏன் எடுத்து வைக்காமல் போனாய்? அன்றைக்கு நான் உன் பக்கம்தான். பையன் ஜெயிக்க ஆசைப்படுகிறான் என்று நினைத்தேன். எதை ஜெயிக்க என்று அப்போது தெரியாது.

கோபம் இல்லை என்று எழுத வந்தேன். பொய். இருக்கிறது. கடைசியில் இருவரும் தோற்கப் பார்த்தீர்கள், நல்ல மனசில்தான் என்று தெரியும். ஆனால் தோற்றவன் கைக்குப் போய்ச் சேர எனக்கு இஷ்டமில்லை.

ஆவடியில் சம்பந்தம் வீட்டு மாடி ரூம் காலியாகத்தான் இருக்கிறது. அவனும் நானும் ஃபாக்டரியில் ஒரே ஷாப்பில் வேலை பார்த்தவர்கள், ஒத்துப்போகும். பென்ஷன் போதும். ரேகாவிடம் சொல்லிக்கொள்ளாமல் போவதுதான் கஷ்டமாக இருக்கிறது, அவள்மேல் குறை ஒன்றுமில்லை என்று சொல். பலகை உங்களுக்கு. கொட்டையை நான் எடுத்துக்கொண்டு போகிறேன்.

ஆசிகளுடன்
அப்பா

*

அம்பத்தூர்
25.6.2025

தினேஷ்,

யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

நீ ராத்திரி போனில் அழுதபோது நான் பாதியில் வைத்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆவடி போனேன். ரேகா வத்தக்குழம்பும் சாதமும் கட்டிக் கொடுத்தாள். "கூட்டிகிட்டுத்தான் வரணும், இல்லன்னா நீங்களும் வராதீங்க" என்று சொல்லி அனுப்பினாள். பஸ்ஸில் ஏறினதிலிருந்து பேச வேண்டியதை மனப்பாடம் பண்ணிக்கொண்டே போனேன். புது வீட்டு ஹாலில் கட்டில் வாங்கிப் போட்டாயிற்று என்று சொல்ல வேண்டும், தினேஷும் லாவண்யாவும் அடுத்த மாதம் வருகிறார்கள் என்று சொல்ல வேண்டும், காலில் விழ வேண்டும். சம்பந்தம் மாமா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "மேல கீறாரு, போ நைனா" என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்காமல் படியேறினேன்.

கதவு திறந்துதான் இருந்தது. அப்பா துவைத்த பனியனைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் கட்டையில் சர்க்கரை மாத்திரை டப்பா, அதற்குப் பக்கத்தில் பேரீச்சங்கொட்டை. இரண்டு வாரத்தில் இளைத்திருக்கிறார். திரும்பி என்னைப் பார்த்தார். டிபன் கேரியரைப் பார்த்தார்.

"இன்னாடா," என்றார், "தோத்துட்டியா?"

திட்டவில்லை தினேஷ். குத்திக் காட்டவும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டார். ஆமாம் என்று சொன்னால் தப்பு. இல்லை என்று சொன்னாலும் தப்பு. நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றேன். அவரே வந்து அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் சாப்பிட்டோம். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்றார். வா என்று நான் கூப்பிடவில்லை, வரேன் என்று அவர் சொல்லவும் இல்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட நடந்து வந்து ஏற்றிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறும் போவேன். அதற்கடுத்த ஞாயிறும். நீ வந்ததும் முதலில் ஆவடிக்குப் போ. உன்னையும் அதையே கேட்பார். என்ன சொல்வது என்று உனக்குத் தெரிந்தால் எனக்கும் எழுது.

ஜெகன்